ஒன்பதாம் கிணற்றுக்கு எழுதிய விளக்கம்

மொரப்பூர் பேருந்தில் நின்றுகொண்டே எழுதினாலும் என் நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் இருக்காது. இப்போது அது உங்கள் மேசையில்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார், புரட்டினால் தெரியும். பச்சியப்பன் அண்ணன் இறந்த நாளையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் படிப்பவருக்கு விளங்குமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த நிறுவனம் கம்பைநல்லூர்ப் பக்கம் பதினான்கு தோட்டக் கிணறுகளின் மோட்டார்களை ஓட்டித் தருகிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் எந்த மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதை ஒரு ஏஐ ஏஜென்ட் முடிவு செய்யும். அதற்குக் கண் கிடையாது. ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதைச் செய்யும், எழுதாததை அறியாது. எழுதிக் கொடுப்பது என் வேலை.

அதைச் சரியாகச் செய்கிறேனா என்று தெரியாமல்தான் தருமபுரியில் இப்படி எழுதச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். நிர்மலாதேவி மேடம் என் விளக்கங்களைப் படித்துவிட்டு ஒரே வரியைப் பதினொரு முறை வட்டமிட்டார். "பூவிழி, எல்லாத்துலயும் 'பச்சியப்பனைக் கேட்கவும்'னு இருக்கே? அவரு சம்பந்தி வூட்டுக்குப் போயிட்டா தோட்டத்துக்குத் தண்ணி கெடையாதா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைய குறிப்பில் 'மேடம் சொன்னது சரி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பச்சியப்பன் அண்ணன் எங்கள் மோட்டார் மெக்கானிக். எந்த வால்வு இறுகும், எந்தக் கிணறு எத்தனை மணிக்கு வற்றும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஏஜென்ட் அவருக்குப் பொம்மை, அதற்குச் சொல்லித் தரும் நான் டீச்சரம்மா. தன் பெயர் கம்ப்யூட்டருக்குள் இருப்பதில் அவருக்குப் பெருமை. தினமும் ஆபீஸ் வாசலில் நின்று, "என்ன டீச்சரம்மா, எம்பேரு இன்னிக்கி எத்தன எடத்துல வருது?" என்பார்.

"பதினொரு எடங்கணா."

"அப்ப உம் பொம்மைக்கு நாந்தான் மாமியாரு. என்னக் கேக்காம அடுப்பு பத்த வெக்காது."

நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் சந்திரமோகன் சார் ஒரு சோதனை வைத்தார். ஏழு நாள் ஏஜென்ட் யாரையும் கேட்காமல், யாரும் 'நிறுத்திவை' பொத்தானை அழுத்தாமல் ஓட வேண்டும். ஓடினால் எனக்கு நிரந்தர வேலை. மூன்று முறை தோற்றேன். மூன்று முறையும் அது அண்ணனைக் கேட்கப் போனதால்தான். நான்காவதுதான் கடைசி என்று சார் சொல்லிவிட்டார்.

ஆகவே அவர் பெயர் வந்த பதினொரு வரிகளையும் எடுத்தேன். பத்துக்கு மாற்று எழுதினேன். பதினொன்றாவது இப்படி இருந்தது: 'பழுதாகி நின்ற மோட்டாரை மீண்டும் இயக்கும் முன் பச்சியப்பனுக்குப் போன் செய்யவும்; மேலே இருக்கிறேன் என்று அவர் சொன்னால் மட்டும் இயக்கவும்.' இதற்கு மாற்று எதுவும் தோன்றவில்லை. எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பத்தி முன்பைவிட நன்றாக இருந்தது.

ஏழாம் நாள் ஒன்பதாம் கிணற்றுக்குள் மோட்டாருக்குப் போகும் வயரை எலி கடித்து மோட்டார் நின்றுவிட்டது. முன்பெல்லாம் கிணற்றில் இறங்குகிறவர் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வார். புதிய பெட்டியை நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. பிடுங்க எதுவும் இல்லை. அதனால் அண்ணன் தன் சிவப்புத் துண்டைப் பெட்டிமேல் போட்டுவிட்டு இறங்குவார். துண்டு கிடந்தால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் மோட்டாரைத் தொடமாட்டார்கள்.

மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்தார். துண்டு போட்டாயிற்று, வயரை ஒட்ட அரை மணி ஆகும் என்றார். பிறகு ஒன்று கேட்டார். அதற்கு வருகிறேன்.

மும்முனை நான்கு மணிக்கு வரும் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அந்த வாரம் முழுக்க மூன்று பத்துக்கு வந்ததை என் கையாலேயே தினமும் குறித்திருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொத்தான் என் வலது கைப் பக்கம் இருந்தது. பத்து நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுத்தினால் மறுபடி முதல் நாள், மறுபடிக்கும் இடமில்லை. மூன்று பத்துக்கு ஏஜென்ட் எழுதியபடியே செய்தது. 'ஒன்பதாம் மோட்டார் இயக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அவர் கேட்டது இதுதான்: "கண்ணு, உள்ள டவர் கெடைக்காது. உம் பொம்ம போன் போட்டு நான் எடுக்கலன்னா மோட்டார ஓட்டாதில்ல?"

"ஓட்டாதுங்கணா. எறங்குங்க" என்றேன்.

தெரிந்தே கொன்றேன் என்று எழுதிக் கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுத வேண்டாம். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'கிணற்றுக்குள் ஆள் இருந்தால் இயக்கக் கூடாது.' உள்ளே ஆள் இருப்பதை அது எப்படித் தெரிந்துகொள்ளும் என்பதுதான் எனக்கு இன்னும் எழுத வரவில்லை. பச்சியப்பன் அண்ணனைக் கேட்டால் சொல்லிவிடுவார்.