கீழ தட்டுனா ஆன்

குண்டெல்லாம் இல்ல சார், பயப்படாம உக்காருங்க. சுவிட்ச் போர்டுதான். ஒயரு தொங்குதேன்னு பாக்கறீங்களா? கண்டக்டர் தம்பியும் அப்பிடித்தான் பாத்துச்சு. லக்கேஜ் போடணும்னுச்சு. மடியில வச்சிக்கறேம்பான்னு சொல்லி ஏறிட்டேன்.

வீட்டுல மாட்டறது இல்லீங்க, இது பிளேனுக்கு. பறக்கற பிளேனுதான். சிரிக்காதீங்க. நெஜ பிளேனு இல்ல, கம்ப்யூட்டர்ல ஓட்டறது. ஆனா உள்ள உக்காந்தீங்கன்னா பொய்யின்னு சொல்ல மாட்டீங்க. தேவனாம்பட்டினத்துல வந்து சபாபதி வீடு எதுன்னு கேளுங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. பிளேன் கட்றவர் வீடுன்னு கேளுங்க, வாசல்லயே கொண்டாந்து வுடுவாங்க.

பெரிய வித்தையெல்லாம் கெடையாது சார். பசங்க கேம் ஆடற பழைய ஜாய்ஸ்டிக்க ஒடச்சா, உள்ள பிஸ்கெட் சைசுல ஒரு போர்டு இருக்கும். பட்டனுக்குப் போற எடத்துல ஒயர சால்டர் வச்சி, அந்தாண்ட நம்ம சுவிட்ச்ச மாட்டிடணும். நீங்க சுவிட்ச்ச தட்டுனா, எவனோ பட்டன அமுக்கறான்னு நெனச்சிகினு கம்ப்யூட்டரு லைட்டப் போடும், சக்கரத்த எறக்கும். பாவம், ஏமாளி. ஆனா சொந்தக்காரங்கள மாதிரி எதுக்கு ஏன்னு கேள்வி கேக்காது. பிளைவுட்ல கூண்டு, ஷேர் ஆட்டோ சீட்டு, பதினெட்டு சுவிட்ச்சு. வெளிநாட்டு சுவிட்ச்ச போட்டா எங்க உப்புக் காத்துக்கு ஒரே மாசத்துல பச்ச புடிச்சிடும். நான் போட்டது வீட்டுக்குப் போடற சுவிட்ச்சு, கல்லு மாதிரி.

எனக்கு எப்பிடித் தெரியுமா? நல்லா கேட்டீங்க போங்க. முப்பத்திநாலு வருசம் ஈபில வயர்மேன் சார். கடலூர்ல நான் ஏறாத கம்பம் கெடையாது. புயலடிச்சா மொத ஃபோனு எனக்குத்தான் வரும். ரிட்டயர்டு ஆன மறுநாளு ஒரு பய கூப்புடல. ஃபோன கைல வச்சிகினு எவ்ளோ நேரந்தான் உக்காந்திருப்பான் மனுசன்? அப்பதான் எங்க அக்கா பொண்ணு தமிழினி வந்து, மாமா, எனக்கு ஒரு காக்பிட் செஞ்சி தருவியான்னு கேட்டுச்சு. எனக்கு உசுரு வந்துச்சு சார்.

அது பைலட்டுக்குப் படிக்குது. தகப்பன் இல்லாத புள்ள. படிக்கற எடத்துல பிளேனு ரிப்பேருன்னு மூணு மாசம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மீனே இல்லாம மீன் மார்க்கெட்டு தொறந்து வச்சா மாதிரி. அந்த மூணு மாசமும் நம்ம கூண்டுலதான் கெடந்துச்சு. காலையில ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ரெண்டு மணி நேரம். கண்ண மூடிகினே எந்த சுவிட்ச்சா இருந்தாலும் தட்டும். தெருவே வந்து வேடிக்க பாக்கும். ஒருத்தரு திருவந்திபுரம் வரைக்கும் ஒரு நட போயிட்டு வரலாமான்னாரு. ஆயுத பூஜைக்கு எங்கூட்டுக்காரி ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் சந்தனத்த அப்பி, குங்குமத்த வச்சிட்டா. ரெண்டு நாளு சக்கரம் எறங்கல.

பரிட்சையா? எழுதுச்சு, எழுதுச்சு. எழுதறது இல்ல, ஓட்டிக் காட்டணும். பக்கத்துல பெரிய ஆபீசரு. மேல போயி நல்லாதான் பறந்திருக்குது. ஏதோ கேள்வி கேட்டாராம், பதட்டத்துல மாஸ்டர் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிடுச்சு. அது நம்ம மெயின் மாதிரி சார். ரேடியோ செத்துப் போச்சு. இல்ல, வுழாது, எஞ்சினுக்கு தனி லைனு. ஆபீசரே திரும்பப் போட்டு எறக்கிட்டாரு. ஃபெயிலு.

அவ்ளோதான். பொம்பளப் புள்ளக்கி எதுக்கு பிளேனுன்னு அப்பவே சொன்னோமேன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாங்க. ஃபியூஸ் போச்சின்னா பக்கத்து வீட்டுக்காரன கூப்புடறவனெல்லாம் சுவிட்ச்சப் பத்திப் பேசறான். நானும்… ஒரு கருமாதி வீட்டுல பேச்சு வந்தப்ப, சின்னப் புள்ளதானே, கவனம் பத்தலன்னு சொன்னேன். சொன்னேன் சார், இல்லங்கல.

அக்கா பயந்து போயி மாப்ள பாத்துடுச்சு. சேத்தியாத்தோப்புல ரைஸ் மில்லு, பேரு விஜயகுமாரு. தங்கமான பையன். என்ன, பொண்ணு பறக்கக் கூடாதாம். வர்ற வியாழக்கெழம மறுபரிட்சை இருக்குது, அதுக்கும் போவக் கூடாதுன்னுட்டாங்க. இன்னிக்கி சாயந்தரம் சிதம்பரத்துல நிச்சயதார்த்தம். அப்பன் இல்லாத பொண்ணாச்சே, தாய்மாமன் நான்தான் தட்டு மாத்தணும்.

நிச்சயத்துக்கு இந்த போர்டு எதுக்கா? சொல்றேன். உங்க வீட்டுல லைட்ட எப்பிடிப் போடுவீங்க? கீழ தட்டுவீங்க இல்ல? நம்மூர்ல கீழ தட்டுனா ஆன். பிளேன்ல மேல தட்டுனாதான் ஆன். அது ஓட்டற பிளேன்ல எல்லாமே அப்பிடித்தான். நான் பதினெட்டையும் நம்மூரு மாதிரி மாட்டிட்டேன். மூணு மாசம் சார். அந்தக் கைக்கு கீழதான் ஆன்னு ஆயிடுச்சு. பரிட்சையில மாஸ்டரு மேல நிக்கறதப் பாத்துட்டு, ஐயோ ஆஃப்ல கெடக்குதேன்னு கீழ தட்டிடுச்சு.

தெரியாம நடந்ததுதானேங்கறீங்க. இல்ல சார். ஸ்க்ரூ டிரைவர எடுத்தா ஒரு மணி நேர வேல அது, பதினெட்டையும் தலகீழா திருப்பி மாட்டறது. நேத்துதான் மாட்டுனேன். ஒரு மணி நேரங்கூட ஆவல.

ஃபெயிலாயி வந்த அன்னிக்கி நானும் அக்கா வீட்டுலதான் இருந்தேன். மாமன் செஞ்சி குடுத்ததுல எதுனா கோளாறாடின்னு அக்கா கேட்டுச்சு. அந்தப் புள்ள என்னப் பாக்கவேயில்ல. இல்லம்மா, மாமா எல்லாம் சரியாத்தான் செஞ்சிருந்துச்சு, எனக்குத்தான் கை தப்பிடுச்சுன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. நான் காபிய கடைசி வரைக்கும் குடிச்சிட்டு டம்ளர கீழ வச்சேன். அசிங்கமா இருக்குது சார், இப்ப சொல்றதுக்கே.

முட்லூர் தாண்டிட்டமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். மாப்ள வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள இந்த போர்டக் காட்டி இத அக்காகிட்ட சொல்லணும். பாருங்க, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட சொல்லவே கடலூர்லேர்ந்து இதுவரைக்கும் இழுத்துட்டேன், அப்பவும் முழுசா வரல. கோச்சிக்காதீங்க, உங்களயே எங்க அக்கான்னு நெனச்சிகினு ஒரு வாட்டி சொல்லிப் பாக்கறேன். ஈபி கதையெல்லாம் இல்லாம, நேரா.

அக்கா, சுவிட்ச்சு தலகீழா இருக்குதுன்னு அந்தப் புள்ள மொத நாளே எங்கிட்ட சொல்லுச்சுக்கா. எனக்கே சொல்லித் தர்றியான்னு நான்தான் அத வாய மூட வச்சேன்.