சீனித்துளசி போட்ட டீ

கண்டக்டர்: சுகர் பாக்குற மெஷின் தப்பா காட்டியிருக்கும் அக்கா. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போயி ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க.

மனைவி: ரெண்டு தடவை எடுத்துப் பார்த்தாங்களாம்டா.

கண்டக்டர்: ரெண்டு தடவையும் அதே மெஷின்தானே?

டிரைவர்: மாப்ள, கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. தெருவுக்கே கேக்குது.

கண்டக்டர்: கேக்கட்டுமே. முந்நூத்தி நாப்பது... எப்படி மாமா? போன வருஷ மெடிக்கல்ல எவ்வளவு?

டிரைவர்: இருநூத்திப் பத்து.

கண்டக்டர்: பார்த்தியா. அப்போ சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னாரு, இருநூத்திப் பத்து. இப்போ வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி சந்நியாசி மாதிரி கெடக்காரு, முந்நூத்தி நாப்பதா? எவனாவது நம்புவானா?

மனைவி: டாக்டர் நம்பிட்டாரே.

கண்டக்டர்: அந்தாளு கெடக்குறாரு. டிப்போவுல இருக்குற எல்லாருக்கும் தெரியும், மாமா எப்படி இருந்தாருன்னு. கேன்டீன்ல பன்னைக் கையில குடுத்தாலும் தொடமாட்டாரு. பசங்க பேரே வச்சுட்டானுங்க.

மனைவி: என்ன பேரு?

டிரைவர்: அது எதுக்கு இப்போ...

கண்டக்டர்: "பச்சை இலை". சீனித்துளசிப் பொடியைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரியறாருல்ல. கேன்டீன் டீயில கூட அதைத்தான் போட்டுக் குடிப்பாரு.

மனைவி: கேன்டீன்லயும் அதைத்தான் போடுறீங்களா?

டிரைவர்: நீ கட்டிக் குடுக்குற பொட்டலம்தானே. வேற எங்க போவேன்.

கண்டக்டர்: நான் அப்பவே சொன்னேன், தேனுக்கு மாறுங்கன்னு. தேன், வெல்லம், பேரீச்சம்பழம். இயற்கையா விளையுறது எதுவும் உடம்பைக் கெடுக்காது.

மனைவி: எட்டிக்காயும் இயற்கையாத்தான் விளையுது. தின்னு பாரேன்.

கண்டக்டர்: இந்தக் குத்தல் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

மனைவி: டாக்டர் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. வெல்லமோ தேனோ, பேருதான் வேற, ரத்தத்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்னு. இனிப்பு இல்லாம முடியலன்னா சீனித்துளசி போட்டுக்கங்க, அது ஒண்ணும் பண்ணாதுன்னாரு.

கண்டக்டர்: அதைத்தான் நானும் கேக்குறேன். ஒண்ணும் பண்ணாததைக் குடிச்சவருக்கு எப்படி ஏறிச்சு? நீயே சொல்லு. அந்தப் பொடியை எந்தக் கடையில வாங்குறே?

மனைவி: மருந்துக் கடைக்குப் பக்கத்துல... அந்த முக்குல இருக்கே, அங்கதான்.

கண்டக்டர்: அங்கதான் இருக்கு சூட்சுமம். அவன் கலப்படம் பண்றான். சர்க்கரையை மாவா அரைச்சு, பச்சைச் சாயம் போட்டு வித்திருக்கான். மாமா, கிளம்புங்க. டப்பாவை அவன் மூஞ்சியில எறிஞ்சுட்டு வருவோம்.

டிரைவர்: விடு மாப்ள.

கண்டக்டர்: என்ன விடுறது? உங்க வேலை போயிட்டிருக்கு.

டிரைவர்: விடுன்னு சொல்றேன்ல. அந்த மனுஷன் பாவம், அவன் என்ன பண்ணான்.

கண்டக்டர்: அக்கா, டப்பாவை எடு.

மனைவி: காலியாயிடுச்சு.

கண்டக்டர்: அடுப்பு மேல இருக்கே, அது என்ன?

மனைவி: அதைத் தொடாதே.

கண்டக்டர்: ஏன்?

மனைவி: சும்மா... வேண்டாம்டா. ஊரைக் கூட்டாதே. வேலையா போயிடுச்சு? பஸ் ஓட்ட வேண்டாம், டிப்போவுல உக்காருங்கன்னுதானே சொல்றாங்க. டைம் கீப்பர் அறையில ஒரு நாற்காலி. நோய் வந்தவங்களுக்கு எல்லாம் அப்படித்தானே குடுக்கறாங்க.

கண்டக்டர்: நாற்காலியா? அக்கா, இவரு யாருன்னு தெரியுமா உனக்கு? இத்தனை வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. புதுசா வர்ற டிரைவருங்களை இவருகிட்டதான் அனுப்புவாங்க, கத்துக்கிட்டு வான்னு. இவரு போயி உள்ள உக்காந்து வண்டி நம்பர் எழுதுறதா?

டிரைவர்: நம்பர் எழுதறதும் வேலைதான்.

கண்டக்டர்: நீங்க பேசாதீங்க மாமா. மனசு விட்டுப் போயி பேசறீங்க. நான் எதுக்கு ஓடி வந்தேன் தெரியுமா? ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. திரும்ப ரத்தம் குடுக்கலாம். டிப்போ சூப்பிரண்டு கால்ல விழாத குறையா கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன்.

மனைவி: திரும்பவா?

கண்டக்டர்: ஏன்க்கா மூஞ்சி அப்படிப் போகுது? சந்தோஷப்படு.

மனைவி: ஒரு வாரத்துல எங்கடா இறங்கப் போகுது.

கண்டக்டர்: இறங்க வேண்டாம். லேபுல ரத்தம் எடுக்குறவன் என்கூட ஒண்ணாப் படிச்சவன். பேசிட்டேன். மாமா கையில ஊசி குத்துவான், டெஸ்டுக்குப் போறது என் ரத்தம். எனக்குத் தொண்ணூறு தாண்டாது. கதை முடிஞ்சுது.

மனைவி: டேய்...

கண்டக்டர்: கண்ணுல பாஸ். காதுல பாஸ். பிரஷர்ல பாஸ். இந்த ஒண்ணு மட்டும்தான் பாக்கி.

மனைவி: கண்ணுல எப்படிடா பாஸ் ஆச்சு?

கண்டக்டர்: எப்படின்னா? போர்டைப் படிச்சாரு. பாஸ்.

மனைவி: கடைசி வரி வரைக்குமா?

கண்டக்டர்: கடைசி வரி வரைக்கும். டாக்டரே அசந்துட்டாரு.

மனைவி: என்னங்க, காலைக் காட்டுங்க.

டிரைவர்: எதுக்கு இப்போ?

மனைவி: காலைல டாக்டர் சாக்ஸைக் கழட்டச் சொன்னாருன்னு சொன்னீங்க. அப்புறம் என்ன சொன்னாருன்னு சொல்லல. காட்டுங்க.

டிரைவர்: சாப்பிட்டதுக்கு அப்புறம் பாக்கலாம்.

மனைவி: இப்பவே காட்டுங்க.

டிரைவர்: ம்... இந்தா. பாரு.

கண்டக்டர்: ஐயோ, என்ன மாமா இது? விரலு கறுத்துக் கெடக்கு...

டிரைவர்: ஷூவுக்குள்ள ஒரு ஆணி தூக்கிட்டு இருந்திருக்கு. எத்தனை நாளா குத்துச்சோ. வலியே இல்ல எனக்கு. டாக்டர்தான் பிடுங்கிக் காட்டினாரு.

மனைவி: என்ன சொன்னாரு?

டிரைவர்: மருந்து குடுத்திருக்காரு.

மனைவி: என் தலைமேல அடிச்சுச் சொல்லுங்க. என்ன சொன்னாரு?

டிரைவர்: சர்க்கரை இறங்கலன்னா... இந்த விரலை எடுக்கணும்னாரு. ஒரு விரல்தானே. பத்து இருக்குல்ல.

மனைவி: கடவுளே... நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்...

கண்டக்டர்: நீ என்னக்கா பண்ணே? அழாதே. கடைக்காரன் பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவே.

மனைவி: கடைக்காரன் ஒண்ணும் பண்ணலடா.

கண்டக்டர்: பின்னே?

மனைவி: நான்தான் பண்ணேன். அந்தப் பொடியில பாதிக்குமேல சர்க்கரை. மிக்ஸியில அரைச்சுக் கலந்தேன். மிச்சச் சர்க்கரையை உப்பு ஜாடிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன், போயிப் பாரு. டீயில, கஞ்சியில, பாலுல. எல்லாத்துலயும்.

கண்டக்டர்: உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா? கட்டின புருஷனுக்கு... விஷம் வைக்கறதும் இதுவும் ஒண்ணுதான், தெரியுமா?

மனைவி: தெரியும்.

கண்டக்டர்: தெரிஞ்சா செஞ்சே?

மனைவி: இந்த வருஷ மெடிக்கல் முடியற வரைக்கும்தான், அதுக்கப்புறம் ஒரு குருமணி சர்க்கரை வீட்டுக்குள்ள வராதுன்னு சொல்லிச் சொல்லிக் கலக்குவேன். கால்ல இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

கண்டக்டர்: மெடிக்கல்ல ஃபெயிலாகணும்னா செஞ்சே? எதுக்கு? அவரு சம்பாதிச்சது போதும்னா?

மனைவி: அவருக்குக் கண்ணு தெரியல. இப்போ பேசு. இவ்வளவு நேரம் பேசினியே.

கண்டக்டர்: யாரு... யாரு சொன்னா உனக்கு?

மனைவி: தூக்கத்துல உளறுவாரு. ஈ, எஃப், பி, டி, ஓ, இசட். திரும்பத் திரும்ப. எவளோ ஒருத்தி பேரோட எழுத்துன்னு நெனைச்சு ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு. அப்புறம் என் கண்ணாடியை மாத்தக் கடைக்குப் போனேன். எதிர்ல போர்டு தொங்குது. அதே எழுத்து, அதே வரிசை. அங்கேயே உக்காந்துட்டேன். கடைக்காரப் பொண்ணு தண்ணி குடுத்தா. டம்ளருக்கு வெளியில தண்ணி ஊத்தறாரே, எதிர்ல கடிகாரம் தொங்கறப்பவே மணி என்னன்னு கேக்கறாரேன்னு, அப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. யாருடா மனப்பாடம் பண்ண வச்சது?

கண்டக்டர்: அக்கா...

மனைவி: நீதானே?

கண்டக்டர்: மாமாதான் கேட்டாரு. வண்டியை விட்டா நான் செத்துடுவேன்னாரு. நான் என்ன பண்ணட்டும்? ஒரு வருஷம்தான், கண்ணுக்கு வைத்தியம் பார்த்துடலாம்னு...

மனைவி: பார்த்தீங்களா? கண்ணாடிக் கடைக்குப் போயிட்டு வந்தப்புறம் ஒரு நாள் உங்க வண்டியில ஏறினேன். முக்காடு போட்டுக்கிட்டு, ஏழாவது சீட்டுல. கண்டக்டர் பின்னாடி நிக்கணும். நீ ஏன்டா முன்னாடியே நின்னே?

கண்டக்டர்: எல்லா நாளும் நிக்கறதில்ல.

மனைவி: டிக்கெட்டு குடுக்காம அவரு காதுகிட்டயே நின்னே. "மாமா சிவப்பு. மாமா இடதுல சைக்கிள். மாமா மெதுவா." ஐம்பது பேரு உக்காந்திருக்காங்க வண்டியில. ஒருத்தருக்கும் தெரியல, ஓட்டறது நீயா அவரான்னு.

டிரைவர்: அவனைத் திட்டாதே.

மனைவி: உங்களை நேரா கேட்டிருக்கணும் நான். கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு, அந்த எழுத்தை எங்கிட்டயும் ஒப்பிச்சிருப்பீங்க. டிப்போவுல போயிச் சொன்னா, ஏமாத்தினான்னு கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுவாங்க. இத்தனை வருஷப் பேரு போயிடும். நோய்னு ஆனா மரியாதையா ஒரு நாற்காலி. போர்டை மனப்பாடம் பண்ணிட்டீங்க. ரத்தத்தை மனப்பாடம் பண்ண முடியாதில்ல.

கண்டக்டர்: ஒண்ணும் ஆகலயே அக்கா. நான் கூட இருந்தேன்ல. இன்னைக்கு வரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?

மனைவி: வாயை மூடு. நான் ஏறின அன்னைக்கு, பள்ளிக்கூடம் தாண்டினதும், சடார்னு ஒரு பிரேக். எல்லாரும் முன்னால விழுந்தாங்க. ஞாபகம் இருக்கா?

கண்டக்டர்: அது... நாயி குறுக்க வந்துச்சு.

மனைவி: அவருகிட்டயும் அதைத்தான் சொன்னே. ராத்திரி சாப்பிடறப்போ எங்கிட்ட சொன்னாரு, இன்னைக்கு ஒரு நாயி தப்பிச்சுதுன்னு.

கண்டக்டர்: அக்கா, வேண்டாம்.

மனைவி: ஜன்னல் வழியா பார்த்தேன்டா. அது நாயில்ல.

கண்டக்டர்: அவரு முன்னாடி வேண்டாம்னு சொல்றேன்ல.

மனைவி: சின்னப் பொண்ணு. பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு... தூறல்னு... சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவுல என் கை நீளம்கூட இல்ல. அந்தக் குழந்தை மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. அன்னைக்குச் சாயங்காலம்தான் முதல்தடவை சர்க்கரையைக் கலந்தேன்.

கண்டக்டர்: மாமா... நான் வேணும்னு மறைக்கல. சொன்னா உடைஞ்சு போயிடுவீங்கன்னு...

மனைவி: என்னங்க, ஏதாவது பேசுங்க. திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. உங்க விரலு போறதுக்கு நான்தான் காரணம். ஆனா அந்த வண்டியில நீங்க திரும்ப ஏறக்கூடாது.

டிரைவர்: டீ இருக்கா?

மனைவி: என்ன?

டிரைவர்: எதுவும் போடாம குடு.

மனைவி: கேக்கறது காதுல விழுதா உங்களுக்கு? நான் சர்க்கரை கலந்தேன்னு சொல்றேன்.

டிரைவர்: அந்த இலைப் பொடி போட்டா, குடிச்சு முடிச்சப்புறம் அடிநாக்குல ஒரு கசப்பு நிக்கும். ஒரு நாள் சாயங்காலம் அது நின்னு போச்சு. முதல் வாய்லயே தெரிஞ்சுது, நீ என்ன போட்டிருக்கேன்னு.

மனைவி: தெரிஞ்சா... தெரிஞ்சா ஏங்க குடிச்சீங்க?

டிரைவர்: அன்னைக்கு வண்டியில நானும் இருந்தேன்ல. நாயி "அம்மா"ன்னு கத்துமா? வண்டிச் சாவியை டிப்போவுல கொண்டுபோயி மேசை மேல வைக்க எனக்குத் துப்பில்ல. நீ போட்டதை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கத்தான் முடிஞ்சுது.