ஆடிக் கிருத்திகைக்கு முன் ஓர் ஊசி

"டாக்டர் ஊசி போட்டு என்னைத் திரும்பவும் வயசுப் பொண்ணா ஆக்கிட்டாரு" என்று எதிரே இருந்த ஐம்பது வயது அம்மாள் சொன்னதும், அரக்கோணத்திலிருந்து தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்த நான், அதை இன்னும் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். திருத்தணி போகும் ரயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். அவள் மடியில் மஞ்சள் துணி சுற்றிய காவடி. ஒரு பக்கம் புருஷர், மறுபக்கம் நாத்தனார்.

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

"மாசாமாசம் வர்ற தூரம் நின்னதும் காவடி எடுக்கிறேன்னு முருகருக்கு வேண்டிக்கினேன். நின்னுச்சு. கூடவே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கினு, உடம்பெல்லாம் நெருப்பு. தூரம் நின்னதாலதான்னு சொல்லி, பட்டணத்து டாக்டர் ஊசி போட்டாரு. நெஞ்சு அடங்கிச்சு. அரக்கோணத்துல வண்டி மாறும்போது தூரம் வந்துடுச்சு."

"ஐயோ! படி ஏறலாமான்னு டாக்டரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். தாராளமா ஏறுன்னாரு. இது வரும்னு மட்டும் சொல்லல. அவர் வீட்டுல யாரு காவடி எடுக்கிறாங்க?"

"அப்ப அண்ணன் எடுக்கட்டும்."

அந்த நொடியில்தான் புருஷருக்கு நெஞ்சு நோய் வந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் படி ஏறினா மூச்சு வாங்குதும்மா."

"ஆங், உங்களுக்கும் அந்த ஊசியவே போடச் சொல்றேன்."

வண்டி திருத்தணியில் நின்றது. நாத்தனார் வழியை மறித்தாள். "வேணாம் அண்ணி, சாமி குத்தம் ஆயிடும்."

"ரெண்டு பொண்டாட்டி கட்டினவரு. அவருக்குத் தெரியாததா?"

காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, அம்மாள் முதல் ஆளாக இறங்கினாள்.