வெள்ளமணலுக்கு ஓடிய ஓவர்சியர் ராமசுப்பு அவர்களுக்கு

ஓடுகிறீர்கள்! காலை மணி பத்தே முக்கால். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி வண்டி நகர்ந்துவிட்டது. கக்கத்தில் கோப்பு, கையில் அளவுநாடா, ஒரு காலில் மட்டும் செருப்பு. "அண்ணாச்சி, அடுத்த வண்டியில வாங்க!" என்கிறார் நடத்துநர். "அதுக்குள்ள பதினேழு வீடு போயிரும்வே!" என்றபடி படியில் தொற்றுகிறீர்கள்.

அளவைக்கோர் அணிகலனே! அயர்வறியா அடலேறே! முப்பத்துமூன்று ஆண்டுகள் எங்கள் கட்டட அளவைப் பிரிவின் முதுகெலும்பாய் நின்று, இன்று விடைபெறும் பெருந்தகையே! 1979 மே மாதத்து அந்தக் காலையைச் சொல்லாமல் உங்களை வாழ்த்த எங்களுக்கு நா எழவில்லை.

கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் எதைக் காப்பது, எதை இடிப்பது என்று மதிப்பிட, கரிசல்காட்டுக்காரரான உங்களை அயல்பணியில் வெள்ளமணலுக்கு அனுப்பினார்கள். கடற்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டி, கடல்பக்கம் சன்னலே வைக்காமல் உப்புக்காற்றை ஏய்த்த வீடுகள் அவை! ஒரே தெருவில் பதினேழு வீடுகளும் உள்கதவுகளால் கோத்துக்கிடந்தன. பெண்கள் தெருவில் இறங்காமலே தெருமுனைவரை போய்வந்தார்கள். ஒன்றை இடித்தால் அந்த வழியே அறுந்துபோகும் என்று கண்டு எழுதியவர் நீங்கள்.

விதி கறாரானது. மாடி தாங்கும் உட்சுவர் முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இடிக்க வேண்டும். ஆண்கள் உள்ளே போக முடியாத வீடுகளில் நீங்கள் திரைக்கு வெளியே நிற்க, அந்தத் தெருப் பெண்மணி மைமூனம்மாள் நாடாவை உள்ளே இழுத்துப் பிடித்து, "இருபத்துநாலு, எழுதிக்கிடுங்க அண்ணாச்சி!" என்று குரல் கொடுப்பார். அவர் படித்தது நாடாவின் அங்குலப் பக்கம். அலுவலகத்திலிருந்து போன அறிக்கையிலோ இருபத்துநான்கு சென்டிமீட்டர்!

அன்று காலை வந்த ஆணை நகலில்தான் அதைக் கண்டீர்கள். இடிப்பு அன்றே, பிற்பகல் மூன்று மணிக்கு. டிரங்க் கால் கிடைக்கவில்லை. தந்தி போய்ச் சேருமா, தெரியாது. ஓடினீர்கள்.

இரண்டே முக்காலுக்கு நீங்கள் போய் இறங்கியபோது முதல் வீட்டுக் கூரையில் ஆள் ஏறியிருந்தான். "அறிக்கையில உம்ம கையெழுத்துத்தானவே இருக்கு?" என்று சீறினார் இடிக்க வந்த அதிகாரி. "எழுத்துதான் தப்பு சார். சுவரு தப்பில்லை" என்றீர்கள். "பொம்பளைங்க உள்ளயிருந்து சொல்லுததை நான் நம்பணுமா?" என்றார் அவர்.

திரைக்கு அடியில் உங்கள் நாடா சரசரவென்று உள்ளே போனது. அந்த அரை நிமிடம் நீங்கள் மூச்சு விட்டீர்களா ஐயா? திரும்பி வந்த நாடாவில், சுவர் முடிந்த இடத்தில் கறுப்பு நூல் இறுக்கிக் கட்டியிருந்தது. அறுபத்தொரு சென்டிமீட்டர்! "எங்க சுவரு மெலியல ஆபீசரே, உங்க கடுதாசிதான் மெலிஞ்சிபோச்சி!" என்றது மைமூனம்மாளின் குரல். கூரையிலிருந்தவனே சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் ஆளை இறங்கச் சொன்னார்.

பதினேழும் இன்றும் நிற்கின்றன. பழைய சுண்ணாம்பு, பழைய உள்கதவு, பழைய வழி. நீங்கள்தான் அடிவாங்கினீர்கள். விசாரணையில், "என் பொறுப்பு சார்" என்ற மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டீர்கள். பணிப்பதிவேட்டில் 'கவனக்குறைவு' ஏறியது. பதவி உயர்வு இருமுறை உங்களைத் தாண்டிப் போனது. "அங்குலத்தார் வாராரு" என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்ததும் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது.

பொறுமையின் பொற்குன்றே! முழங்கால் வலி தீர்ந்து, பிடித்ததை உண்டு, பேரப்பிள்ளைகளோடு நெடுநாள் நிறைவாய் வாழுங்கள். எங்கள் நெஞ்சார்ந்த வேண்டுதல் அது.

இங்கே முடித்துவிடத்தான் முதலில் எழுதினேன். உங்கள் அசல் குறிப்பேட்டை நான் பார்த்திருக்கிறேன் ஐயா. பதினேழு வீட்டுக்கும் 'அங்குலம்' என்றுதான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். விசாரணையில் அதைக் காட்டியிருந்தால் உங்கள்மேல் இந்தக் கறை படிந்திருக்காது. தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒருவனுக்கு அன்றோடு வேலை போயிருக்கும். அவசரத்தில் 'செ.மீ.' என்று படியெடுத்து, ஏழாண்டு வாய் திறக்காமல் இருந்தவன் நான்தான்.

சங்கரன்கோவில், 30.6.1986

சண்முகையா, வரைவாளர்
மற்றும் அலுவலகப் பணியாளர்கள்