வேலிக்கு இந்தப் பக்கம்

மாவிஸ்: தாண்டாதே! டெல்பர்ட், காலை அந்தப் பக்கமே வை!

டெல்பர்ட்: முள்கம்பி மேல கையைத்தான வச்சேன். காலு ரெண்டும் வயோமிங்லயேதான் இருக்கு.

மாவிஸ்: கையும் வேணாம். நான் நிக்கிற இந்தப் பக்கம் மொன்டானா. மாநிலம் தாண்டினா மறுபடி ஜெயில்தான்; உன் பரோல் முடியிற வரைக்கும் இங்க உன் நிழல்கூட விழக்கூடாது.

டெல்பர்ட்: சூரியன் தெக்கால இருக்கு முதலாளியம்மா. நிழல் உங்க பக்கந்தான் விழும். அதுக்கு நான் என்ன பண்ண?

மாவிஸ்: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இங்க இந்தக் கிடேரி உயிரை விடுது...

டெல்பர்ட்: தலையீத்துக்கு வேற இடமே கிடைக்கலையா அதுக்கு? வேலியைப் பிச்சுக்கிட்டுப் போய் அடுத்த மாநிலத்துலதான் ஈனணுமா? சரி, என்ன தெரியுது?

மாவிஸ்: ரெண்டு குளம்பு. ரொம்ப நேரமா அப்படியே நிக்குது.

டெல்பர்ட்: குளம்போட அடிப்பக்கம் மேல பாக்குதா, கீழ பாக்குதா?

மாவிஸ்: மேல.

டெல்பர்ட்: போச்சு. பின்னங்காலு. கன்னு பின்பக்கமா வருது.

மாவிஸ்: கையை விட்டுப் பாத்தேன். வாலு தட்டுப்படுது.

டெல்பர்ட்: இடுப்பு வெளிய வந்துட்டா ஒரு நொடி நிறுத்தக்கூடாது. தலை உள்ள இருக்கும்போதே மூச்சு இழுத்துச்சுன்னா...

மாவிஸ்: தெரியும்யா. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து, அவரு செத்தப்புறமும், கன்னு இழுக்கிறவ நான். இன்னிக்கு என் ஒருத்தி பலம் பத்தல, அவ்வளவுதான்.

டெல்பர்ட்: நான் வரேன்.

மாவிஸ்: வராதேங்கிறேன்ல! மேட்டுல எவனாவது குதிரையில போகும்போது பாத்துத் தொலைச்சா? அஞ்சு வருஷம் உள்ள கிடந்தது பத்தலையா உனக்கு?

டெல்பர்ட்: அப்ப... உங்க கயித்தோட ஒரு முனையை இப்படி வீசுங்க.

மாவிஸ்: எதுக்கு?

டெல்பர்ட்: வீசுங்க, சொல்றேன். ஆங்... பிடிச்சுட்டேன். மறு முனையைக் கன்னு காலுக்கு மாட்டுங்க. கணுவுக்கு மேல ஒரு சுருக்கு, கீழ ஒரு சுருக்கு. ரெண்டு காலுக்கும்.

மாவிஸ்: நீ என்ன பண்ணப் போற?

டெல்பர்ட்: கம்பி இறுக்குற கருவி கொண்டாந்திருக்கேன்ல? அதை மூலைத் தூண்ல கொக்கி போட்டு, இங்கிருந்தே இழுக்கிறேன்.

மாவிஸ்: வேலி இறுக்குறதை வச்சுக் கன்னை இழுக்கப் போறியா!

டெல்பர்ட்: கன்னு மொன்டானா, இழுக்கிறவன் வயோமிங். எந்தச் சட்டத்துல இது குத்தம்னு காட்டச் சொல்லுங்க.

மாவிஸ்: உன்னை உள்ள வச்சதுல தப்பே இல்லய்யா... மாட்டிட்டேன்.

டெல்பர்ட்: அவ முக்கும்போது சொல்லுங்க. அப்பதான் இழுப்பேன்.

மாவிஸ்: ம்... இப்ப! இழு, இழு... நிறுத்து.

டெல்பர்ட்: முட்டி தெரியுதா?

மாவிஸ்: தெரியுது. இப்ப! மெதுவா... காலைப் பிச்சு எடுத்துராதே!

டெல்பர்ட்: பஞ்சு மாதிரிதான் இழுக்கிறேன்.

மாவிஸ்: இடுப்பு! டெல்பர்ட், இடுப்பு வந்துருச்சு!

டெல்பர்ட்: இனிமே நிறுத்த மாட்டேன். நீங்க கன்னைத் தாங்கிக்குங்க...

மாவிஸ்: வருது... வருது... வந்துருச்சு!

டெல்பர்ட்: மூச்சு?

மாவிஸ்: இரு, மூஞ்சி பூராச் சவ்வு சுத்தியிருக்கு...

டெல்பர்ட்: மாவிஸ், மூச்சு விடுதா?

மாவிஸ்: இல்ல.

டெல்பர்ட்: வாயை வழிச்சு எடுங்க. காஞ்ச புல்லு ஒண்ணைப் பிடுங்கி மூக்குல விட்டுக் குடைங்க.

மாவிஸ்: அசையல... டெல்பர்ட், அசையவே மாட்டேங்குது...

டெல்பர்ட்: இன்னும் உள்ள! பாவம் பாக்காதீங்க!

மாவிஸ்: ஐயோ... தும்முச்சு! என் மூஞ்சி பூராத் தும்மிருச்சுய்யா!

டெல்பர்ட்: அப்பாடா...

மாவிஸ்: தலையை ஆட்டுது பாரு. பொட்டைக் கன்னு. ஆத்தாக்காரி எழுந்து நக்க ஆரம்பிச்சுட்டா.

டெல்பர்ட்: அழறீங்களா?

மாவிஸ்: காத்து. ஏப்ரல் மாசக் காத்து கண்ணுல அடிக்குது.

டெல்பர்ட்: இங்கயும் அதே காத்துதான்.

மாவிஸ்: கையைப் புல்லுல துடைச்சுட்டேன். அந்தக் காப்பிக் குடுவையை நீட்டு... கம்பி கிழிச்சுரப் போகுது, பாத்து.

டெல்பர்ட்: ஒண்ணு கேக்கலாமா?

மாவிஸ்: வேணாம்னா விட்டுருவியா?

டெல்பர்ட்: ரெண்டு வருஷமா இந்த வடக்கு மேய்ச்சல் பக்கமே என்னை விட்டதில்ல. தொழுவம், வைக்கோல், கோழிக்கூடு... எல்லாம் என் தலையில. இங்க மட்டும் பனி கொட்டினாலும் நீங்களேதான் வருவீங்க. இன்னிக்குத்தான் முத தடவையாக் கூட்டிட்டு வந்தீங்க.

மாவிஸ்: அதுக்கென்ன இப்ப?

டெல்பர்ட்: அடுத்தவன் கன்னுக்கு என் சூட்டுக்குறி போட்டு ஜெயிலுக்குப் போனவன் நான். எல்லையோரத்துல மாட்டோட தனியா விட்டா, ஓட்டிக்கிட்டுப் போயிருவான்னு பயமா?

மாவிஸ்: அப்படியா நினைச்சே? ரெண்டு வருஷமாவா?

டெல்பர்ட்: நினைச்சேன்னு இல்ல... உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

மாவிஸ்: மடையா... திரும்பிப் பாரு. பின்னால என்ன தெரியுது?

டெல்பர்ட்: நம்ம வண்டி. அதுக்கு அங்கிட்டு நாம தாண்டி வந்த ஓடை.

மாவிஸ்: அந்த ஓடைக்கு அக்கரையில அளவைக்காரங்க அடிச்ச பித்தளை முளை இருக்கு. அதுதான் எல்லை. இந்த வேலி இல்ல.

டெல்பர்ட்: என்னது?

மாவிஸ்: அங்க பூராப் பாறை. குழி தோண்டி மாளாதுன்னு என் மாமனார் மண்ணு கிடைச்ச இடமாப் பாத்துத் தூணை நட்டுட்டாரு. பக்கத்துப் பண்ணைக்காரரும் சரின்னுட்டாரு. இந்தப் பக்கத்துல பாதி வேலி இப்படித்தான்.

டெல்பர்ட்: அப்ப நான் நிக்கிற இடம்...

மாவிஸ்: மொன்டானா. ஓடையைத் தாண்டினதுலேர்ந்து. அதனாலதான் உன்னை இங்க விடல. எவனாவது போட்டுக் குடுத்தா உன் வாழ்க்கையே போயிரும். விஷயத்தைச் சொன்னா, எல்லையோரப் பண்ணையே வேணாம்னு பரோல் அதிகாரி க்ரோகன் உன்னை வேற எங்கயாவது அனுப்பிருவாரு. அதான் சொல்லல. நம்பாம இல்லய்யா.

டெல்பர்ட்: ஹ... ஹஹ்ஹா...

மாவிஸ்: எதுக்குச் சிரிக்கிற? நீ நிக்கிறது மொன்டானாங்கிறேன். பேயறைஞ்ச மாதிரி ஆக வேணாமா?

டெல்பர்ட்: செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிருச்சு.

மாவிஸ்: எது?

டெல்பர்ட்: பரோல். ஒழுங்கா இருந்தான்னு எழுதி, நாப்பது நாள் முன்னாடியே முடிச்சுட்டாங்க. கடுதாசி சட்டைப்பையில இருக்கு. நாலு நாளா அதோடதான் சுத்தறேன்.

மாவிஸ்: அப்ப இந்த வேலியைத் தாண்டி வந்திருக்கலாம்ல, பாவி!

டெல்பர்ட்: தாண்டினா உங்களுக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சா, எப்பக் கிளம்பறேன்னு கேப்பீங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன்... கன்னு இன்னும் ரெண்டு நொடி மூச்சு விடாம இருந்திருந்தா குதிச்சிருப்பேன், சத்தியமா.

மாவிஸ்: கிளம்ப இஷ்டமில்லையா உனக்கு?

டெல்பர்ட்: இல்ல. இங்கயே இருக்கணும். வேலையாளா மட்டும் இல்ல மாவிஸ்... உங்க கூட. வெளிய வந்த நாள்லேர்ந்து நான் நிம்மதியாத் தூங்கினது உங்க பண்ணையிலதான். இதைச் சொல்லத்தான் நாலு நாளா நாக்கு எழல. ஆமா... இருங்க, இருங்க. எல்லை எங்கன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே. அப்படியிருந்தும் இன்னிக்கு ஓடை தாண்டி என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?

மாவிஸ்: காப்பி ஆறிப்போச்சு.

டெல்பர்ட்: மாவிஸ்! பரோல் மட்டும் பாக்கி இருந்திருந்தா நான் திரும்ப உள்ள போயிருப்பேன்!

மாவிஸ்: போயிருக்க மாட்ட... செவ்வாய்க்கிழமையே க்ரோகன் எனக்கும் போன் பண்ணிட்டாரு. நாலு நாளா ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து ஒரே விஷயத்தை மென்னு முழுங்கியிருக்கோம். இன்னிக்குச் சொல்லிட்டுப் போயிருவான், நாளைக்குப் போயிருவான்னு எனக்குச் சோறு இறங்கல. எனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா பேச்சு அதுல போய் நிக்குமேன்னுதான் தாண்டாதேன்னு கத்திக்கிட்டு இருந்தேன். இந்த வடக்கு மேய்ச்சலையும் ஒரு தடவை பாத்துட்டா இருந்துருவியோன்னு ஒரு நப்பாசைய்யா... அதான் கூட்டிட்டு வந்தேன்.