துண்டு போட்ட சீட்டு

மத்தியானம் மூணு மணி. ஆனா கும்மிருட்டு. நார்வேல குளிர்காலம்னா அப்படித்தானாம். ரெண்டு மலைக்கு நடுவுல கடல் பூந்து கெடக்கும், ஃபியோர்டும்பாங்க. அதைச் சுத்தி ஒரு சின்ன ஊரு. ஒரே ரோடு. அதுலயும் ஈ காக்கா இல்ல...

நம்ம கூட்டாளி அன்புமணியோட மச்சான் சிவராஜ், உத்தனப்பள்ளிக்காரன். அந்த ஊரு மீன் ஃபேக்டரிக்கு ஓசூர்ல செஞ்ச மிஷினை மாட்டப் போயிருந்தான். கூட ஊத்தங்கரை பிரதாப். ஃபேக்டரி அக்கரைல. படகுலதான் ஷிஃப்டுக்குப் போகணும். பிரதாப் எப்பவும் லேட்டு. சிவராஜ் முன்னாடியே ஏறி, நம்ம ராயக்கோட்டை பஸ்ஸுல மாதிரி, பக்கத்து சீட்டுல துண்டைப் போட்டு வைப்பான்.

அன்னைக்கும் போட்டான். படகு கெளம்பிருச்சு. யாரோ உக்காந்தாங்க. தோளு ஒட்டுச்சு... ஐஸுக்கட்டி. நனஞ்ச கம்பளி வாடை. பலகைல தண்ணி சொட்டுற சத்தம்.

"ஏன்டா எருமை, குளிச்சா தொவட்ட மாட்டியா?"

பிரதாப்னு நெனச்சு, திரும்பாமலே திட்டினான் சிவராஜ். பாக்கெட்ல ஃபோன் அடிச்சுது. பிரதாப்.

"மச்சி, காய்ச்சல்டா. ரூம்லயே படுத்துட்டேன்."

சிவராஜுக்குக் கழுத்து திரும்பல. எதிர்ல இருந்த வெள்ளைக்காரங்க எல்லாரும் குனிஞ்சு தரையைப் பாத்தாங்க.

கரைல படகுக்காரக் கெழவன் மட்டும் அரைகுறை இங்கிலீஷ்ல சொன்னான்: "இடம் புடிச்சு வச்சா அது வந்து உக்காந்துரும். நாங்க புடிக்கறதே இல்ல."

"எப்படிப் போகும்?"

கெழவன் கயித்தைக் கட்டப் போயிட்டான்.

ஊருக்கு வந்தும் விடல. எவ்வளவு கூட்டம்னாலும் சிவராஜ் பக்கத்துல உக்காந்தவங்க, "சீட்டு ஈரம்ப்பா"ன்னு எந்திரிச்சுருவாங்க. கோயில், தர்கா, மந்திரிச்ச கயிறு... ஒண்ணும் கேக்கல.

பொண்டாட்டி பிரியதர்ஷினி ஓசூர்ல கார்மென்ட்ஸுக்குப் போறவ. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கு மட்டும் சீட்டு புடிச்சு வைக்காத தாயி."

அவ சிரிச்சா. "உனக்குப் புடிக்காம வேற எவனுக்குய்யா புடிக்கறது?"

போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு. அவ முன்னாடியே ஏறிட்டா. இவன் வர்றதுக்குள்ள பஸ் நகந்துருச்சு. பின்னாலயே ஓடினான், கத்தினான், நிக்கல. ஃபோன் போட்டான், எடுக்கல.

பஸ் வளைவுல திரும்பறப்ப ஜன்னல்ல அவ மொகம் தெரிஞ்சுது. பக்கம் திரும்பி, சிரிச்சுத் திட்டிக்கிட்டே... சீட்டுல போட்டிருந்த துப்பட்டாவை எடுத்து, யாருக்கோ தலை தொவட்டி விட்டுட்டிருந்தா.

ஓசூர்ல மழை பேஞ்சு ரெண்டு மாசம் ஆவுது.