கழற்றாத ஊசி

— ஷாகிரா டாக்டரு, அந்த ட்ரிப் ஊசிய மட்டும் கழட்டாதம்மா. உன் கால்ல விழறேன்.

— அண்ணன் கையப் பாருங்க ரத்னாக்கா. ஊசி குத்தின இடம் செவந்து வீங்கிக் கெடக்கு. ஆபரேஷன் நடந்தது கால்ல. உங்க வீட்டுக்காரர் புடிச்சிட்டு உக்காந்திருக்கறது கைய.

— வீங்கினா இன்னா? அந்தாண்ட கைல மாத்திக் குத்து.

— நான் குத்தறவ இல்லக்கா. டாக்டரும் இல்ல. ஃபார்மசிஸ்ட். வார்டுல யாருக்கு எந்த மருந்து, எப்ப நிறுத்தலாம்னு பாக்கறவ.

— மருந்து குடுக்கற பொண்ணா நீ? தெரியாம கால்ல விழப் பாத்தேனே.

— பரவால்ல, இன்னும் விழல. நாகராஜ் அண்ணன் காலைல என்ன சாப்ட்டார்?

— நாலு இட்லி, வட. இன்னொரு வட கேட்டாரு.

— வடை எறங்கற தொண்டைல மாத்திரை எறங்காதா? ட்ரிப்புல போறதும் அதே மருந்துதான்க்கா.

— மாத்திரையத்தான் வூட்லயே போட்டுக்கலாமே.

— அதத்தான் நானும் சொல்றேன்.

— அய்ய, நீ வேற.

— காலைலேர்ந்து ஒவ்வொரு கட்டிலா நின்னு இதே பேச்சு. எனக்கே தொண்ட போச்சு. ட்ரிப் ஏறினாத்தான் வைத்தியம்னு எல்லாரும் நெனைக்கறாங்க. நீங்களுமா?

— எனக்கு அப்டிலாம் இல்லம்மா. அவருக்குக் கால் வலி நேத்தே கொறஞ்சுபோச்சு.

— அப்புறம் எதுக்குக்கா ஊசி?

— ஊசிய எடுத்தா சாயங்காலமே வூட்டுக்குப் போன்னுடுவாங்க. பக்கத்துக் கட்டிலு ஆள அப்டித்தான் அனுப்பிச்சாங்க.

— போனா நல்லதுதானே?

— வூடு எங்க கீது தெரியுமா? அடையாறு ஆத்தோரம் தரையோட தரையா குந்திக்கினு இருந்தோம். கவர்மெண்டுல அங்கேர்ந்து எங்கள தூக்கினு போயி, ஊருக்கு வெளிய எட்டாவது மாடில போட்டுட்டாங்க. லிஃப்ட்டு ஓடி மாசக்கணக்காவுது. இந்தக் கால வெச்சிக்கினு எப்டி ஏறுவாரு?

— இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. ஊசிய சாக்கா வெக்க வேணாம். படி ஏறிப் பழகற வரைக்கும் கட்டில் வேணும்னு நான் டாக்டர்கிட்ட பேசறேன். லிஃப்ட்டு ஓடலன்னு நீங்க உள்ளதச் சொல்லுங்க.

— சொன்னேம்மா. மொத நாளே சொன்னேன். படிக்கட்டுக்கெல்லாம் இங்க கட்டில் தர மாட்டாங்கன்னுதான், இந்த வார்டு சின்ன டாக்டரே ஊசிய எழுதினாரு.